பழைய பில்லிங் அறையின் தொலைபேசி

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் மாறி வந்தது. ரீபூட் செய்தேன். மறுபடியும் மாறி வந்தது. மூன்றாவது முறை சரியாக வந்தது. பகடை உருட்டுவதற்கு ஒரு பொறியியல் பட்டம்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "அந்த ஆஸ்பத்திரியில நீ என்னதான் பண்றே? டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. பக்கத்து வீட்டுல கேக்கறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல."

மேசைமேல் விரலால் வரைந்து காட்டினேன். இது ஒரு கம்ப்யூட்டர். உள்ளே இரண்டு டெலிபோன் அட்டைகள், இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒவ்வொன்றிலும் நான்கு வெளி லைன்கள். முதல் அட்டையில் இருப்பவை கிட்னி ஆபீஸின் லைன்கள். இரண்டாவதில் பில்லிங்கின் பழைய லைன்கள். கம்ப்யூட்டர் விழிக்கும்போது, அதன் உள்மையமான கெர்னல், ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு டிரைவரை உள்ளே ஏற்றும். அது ஏறினால்தான் அட்டைக்கு உயிர். எது முதலில் ஏறுகிறதோ அதன் லைன்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண். பின்னால் வருவதற்கு ஐந்து முதல் எட்டு. ஒன்றில் அழைப்பு வந்தால் கிட்னி ஆபீஸ் மேசையில் மணி அடி, ஐந்தில் வந்தால் பில்லிங்கில் அடி — இப்படி எழுதிவைத்திருக்கிறோம். ஆனால் இரண்டு டிரைவர்களும் ஒரே நேரத்தில் ஓடிவருகின்றன. ஐந்து தடவைக்கு ஒரு தடவை இரண்டாவது முந்திவிடுகிறது.

"முந்தினா என்ன?"

"இவங்களுக்கு வர்ற போன் அவங்க ரூம்ல போய் அடிக்கும்."

"ஒருத்தன் பின்னால ஒருத்தனா வாங்கடான்னு நிறுத்திவைக்க முடியாதா?"

முடியும் அம்மா. நான்கு வரி எழுத வேண்டும்.

"அப்ப எழுத வேண்டியதுதானே?"

அதற்கு ஒரு மணி நேரம் எல்லாப் போன்களையும் நிறுத்த அனுமதி வேண்டும். எங்கள் மேலாளருக்குப் பட்டப்பெயர் அப்புறம் சார். யார் வைத்ததோ தெரியாது, இப்படிக் கூப்பிடுவது அவருக்கே தெரியும் என்று நினைக்கிறேன். அக்டோபரிலிருந்து கேட்கிறேன், அப்புறம் பாக்கலாம் என்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

உண்மையில் இரண்டு முறைதான் கேட்டேன். ரீபூட் சுலபமாக இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

லிஸ்ட் அக்காவின் கணினி நின்றுவிட்டது. போய்ச் சரிசெய்தேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அவள் கையில். அதனால் லிஸ்ட் அக்கா. அவளுடைய மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, நோயாளிகளுக்குக் கொடுக்கும் அட்டையின் பெரிய படி. "எந்த எண்ணிலிருந்து தவறிய அழைப்பு வந்தாலும், உடனே கீழே உள்ள எண்ணுக்கு மட்டும் அழைக்கவும்." சிவப்பில் அந்த எண்.

ஒரு சிறுநீரகம் கிடைத்தால், பொருந்துகிறவர்களில் முதல் ஆளுக்கு மூன்று முறை அழைப்பாள். முதல் அழைப்பிலிருந்து அரை மணி நேரம். பதில் இல்லையென்றால் அடுத்த ஆள். சிறுநீரகம் காத்திருக்காது.

"எடுக்காம இருப்பாங்களா அக்கா?"

"நாலு வருஷம் காத்திருந்துட்டு, அன்னைக்குன்னு பாத்து போனை சார்ஜ்ல போட்டுட்டு குளிக்கப் போவாங்க. நீ வேற."

இரண்டு முறை இப்படிப் பதில் இல்லாமல் போனால் பெயர் செயலற்ற பட்டியலுக்குப் போய்விடுமாம். கோப்பில் ஒரு கட்டம், அதில் குறி.

யார் முதலில் என்பதை முடிவுசெய்ய இங்கே ஒரு குழு, ரத்தப் பரிசோதனைகள், காத்திருந்த நாட்கள். என் கணினியில் யார் முதலில் ஓடி வருகிறார்களோ அவர்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

பவர் பேக்கப்பின் பேட்டரி மாற்ற ஆட்கள் வந்தார்கள். பதினொரு மணிக்கு எல்லாம் நிறுத்தி, பதினொன்றரைக்கு ஏற்றினேன். வழக்கமாக என் செல்போனிலிருந்து கிட்னி ஆபீஸ் எண்ணுக்கு அழைத்து, மணி எங்கே அடிக்கிறது என்று பார்ப்பேன். இன்று செல்போனில் அம்மா. ஜன்னல் திரைக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். நீலமா, சாம்பலா? கோடு போட்டதா, போடாததா? "சட்டுனு சொல்லு, கடைக்காரர் முறைக்கிறார்." ஒரு காதில் அவளை வைத்துக்கொண்டு கிட்னி ஆபீஸ் மேசையிலிருந்து வெளியே ஓர் அழைப்பு போட்டுப் பார்த்தேன். போனது. போதும் என்று மேலே வந்துவிட்டேன்.

சாம்பல், கோடு போடாதது.

நான்கு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு மாடியேறும்போது, கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு நின்றார். "பாப்பா, அந்தப் பூட்டின ரூம்ல போன் அடிச்சிக்கிட்டே கெடக்கு. யாரோ விடாம அடிக்கிறாங்க." பழைய பில்லிங் அறையைச் சொல்கிறார். பில்லிங் கீழ்த்தளத்துக்குப் போய் இரண்டு மாதமாகிறது. போனை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"டெஸ்டிங்கா இருக்கும்க்கா," என்றேன்.

டீ ஆறிவிட்டிருந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

டெஸ்டிங் என்று சொன்னேன். யார் டெஸ்ட் செய்வது? நான்தானே செய்ய வேண்டும்?

காலையில் லிஸ்ட் அக்கா கேன்டீனில் சொன்னாள். நேற்று மதியம் ஒரு சிறுநீரகம் வந்தது. முதல் ஆள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். டயாலிசிஸ் பிரிவில் எல்லோரும் லென்ஸ்காரர் என்கிறார்கள். 3.41க்கு அழைத்தாள், எடுக்கவில்லை. இரண்டாவது முறை பிஸி. மூன்றாவது முறையும் பிஸி. மனைவியின் எண்ணுக்கும் அழைத்தாள். அந்த அம்மா வேலைசெய்யும் ஆலையில் செல்போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டுமாம். 4.11க்கு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். 5.20க்கு லென்ஸ்காரர் கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்து மூச்சிரைக்க வந்து நின்றார்.

"நான் உங்களத்தான் கூப்பிட்டுட்டு இருந்தேங்கறார். ஏழு தடவையாம். இங்க ஒரு கால்கூட வரல. யார்கிட்டயோ அரட்டை அடிச்சிட்டு இருந்திருக்கார், கேட்டா எங்களக் கூப்பிட்டாராம்."

இட்லியை... என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. எழுந்து மேலே போனேன்.

பதிவில் இருக்கிறது. 3.46 முதல் 4.09 வரை ஒரே எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள். ஏழும் பழைய பில்லிங் அறைக்கு. எடுக்கப்படவில்லை. நேற்று பதினொன்றரைக்கு இரண்டாவது டிரைவர் முந்தியிருக்கிறது.

இன்னொன்றும் பதிவில் தெரிந்தது. லைன்கள் இடம் மாறியதால் லிஸ்ட் அக்கா அவரைக் கூப்பிட்டது பில்லிங்கின் பழைய எண்ணிலிருந்து போயிருக்கிறது. அவருடைய போனில் தெரியாத எண். அந்தத் தெரியாத எண்ணுக்கே திருப்பி அழைத்திருந்தால் அது நேராக லிஸ்ட் அக்காவின் மேசையில் அடித்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. நோயாளிகளுக்குக் கொடுத்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்தார். எழுத்துக்கு எழுத்து.

பிஸி. ஏன் பிஸி? எங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. ரீபூட் செய்தேன். முதல் தடவையே சரியாக வந்தது.

பிப்ரவரி 22, சனி

அம்மா திரைகளைத் தைத்து மாட்டிவிட்டாள். "எப்படி இருக்கு, சொல்லு." நல்லா இருக்கு என்றேன். "மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலையே."

அந்தத் துணியைப் பார்க்க முடியவில்லை. பத்து செகண்ட். அம்மா, ஒரு நிமிஷம் இரு, திருப்பிக் கூப்பிடறேன் — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல? நீலமா சாம்பலான்னு அவ்வளவு பெரிய கேள்வியா அது?

பிப்ரவரி 24, திங்கள்

அப்புறம் சாரிடம் பதிவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"இதை யார் யார் பாத்திருக்காங்க?"

"நீங்க. நான்."

"சரி. ரிப்போர்ட்ல தற்காலிகத் தொழில்நுட்பத் தடங்கல்னு போடு. யாருக்குன்னு போட வேணாம். மத்தது அப்புறம் பாக்கலாம்." பிறகு, நான் கதவருகே போனதும், "அந்த ஒரு மணி நேரம் கேட்டியே, எடுத்துக்கோ. நாளன்னைக்கு மதியம்."

அக்டோபரிலிருந்து கேட்ட ஒரு மணி நேரம். கிடைத்துவிட்டது.

அந்த மனிதரின் கோப்பில் இப்போது ஒரு குறி இருக்கிறது. "அழைப்புக்குப் பதில் இல்லை — 1." இன்னொன்று விழுந்தால் பட்டியலிலிருந்து இறக்கிவிடுவார்கள். அவருக்கு இனி ஒரு வாய்ப்புதான். மற்றதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன், என் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன்.

பிப்ரவரி 26, புதன்

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு. லிஸ்ட் அக்கா கையில் ஆஸ்பத்திரி செல்போனைக் கொடுத்து, கிட்னி ஆபீஸ் எண்ணுக்கு வருவதை அதற்குத் திருப்பிவிட்டேன்.

முதலில், இரண்டு டிரைவர்களின் பெயரையும் தடைப்பட்டியலில் எழுதினேன். கெர்னல் அட்டையைப் பார்த்தவுடன் தானாக எதையும் ஏற்றக் கூடாது. பிறகு வரிசைக் கோப்பு: முதலில் இது, இது ஏறி முடிந்த பின் அது. பிறகு ஒவ்வோர் அட்டையின் மேலும் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி, உனக்கு ஒன்று முதல் நான்கு, உனக்கு ஐந்து முதல் எட்டு என்று கட்டிப்போட்டேன். கடைசியாக, இரண்டு அட்டைகளும் வந்து நின்ற பிறகுதான் தொலைபேசிச் சேவை கண் திறக்க வேண்டும் என்று ஒரு வரி.

ரீபூட். சரி. ரீபூட். சரி. மூன்றாவது முறை தொடக்கப் பதிவைப் படித்தேன். தடுத்துவைத்த டிரைவர்கள் நான் அழைக்கும் முன்பே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன, அதுவும் மாறிய வரிசையில்.  பத்து நிமிடம் கழித்துப் புரிந்தது: கணினி விழிக்கும் முதல் விநாடிகளில் தொடக்கத்துக்கென்று தனியாகச் சேமித்துவைத்த ஒரு சிறிய பிம்பத்திலிருந்துதான் வேலைசெய்கிறது, அதற்குள் பழைய கோப்பின் நகல் இருக்கிறது. நான் மாற்றியது அதற்குத் தெரியாது. அந்தப் பிம்பத்தைப் புதிதாகக் கட்டினேன்.

பிறகு பன்னிரண்டு முறை ரீபூட். ஒவ்வொரு முறையும், திருப்பிவிட்டதைச் சிறிது நேரம் நீக்கி, என் செல்போனிலிருந்து உள்ளே அழைத்தேன். பன்னிரண்டு முறையும் கிட்னி ஆபீஸில் அடித்தது. பன்னிரண்டாவது முறை லிஸ்ட் அக்கா எடுத்து, "போதும் தாயே, எனக்குக் காது வலிக்குது," என்றாள்.

நாற்பத்தெட்டு நிமிடங்கள். இவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் மேசையின் போன் இரைகிறது என்று கூப்பிட்டார்கள். ஒயரை மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்கதான் போன் டாக்டரா?"

நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் குழாய்கள். அவருடைய சொந்த மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பில் நூல் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் மனைவி, ஆலையின் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்க.

"டாக்டர் இல்லீங்க. கம்ப்யூட்டர் செக்‌ஷன்."

"எதுவா இருந்தா என்ன. இதக் கொஞ்சம் பாருங்க." செல்போனை நீட்டினார். "அன்னைக்கு ஏழு தடவ அடிச்சிருக்கேன். இதோ இருக்கு பாருங்க, அழிக்காம வச்சிருக்கேன். அவங்க போனே வரலங்கறாங்க. போன் பொய் சொல்லுமா?"

"போன் பொய் சொல்லாது," என்றார் மனைவி. "நீங்கதான் பதட்டத்துல எதையோ அமுக்கியிருப்பீங்க. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறவரு, தன் கையில இருக்கற நம்பர் தெரியல."

"பாத்தீங்களா? ரெண்டு வாரமா இதே வழக்கு. தீர்ப்பு வந்தாச்சு, தண்டனைதான் பாக்கி."

"சிரிக்காதீங்க. முதல் தடவ அடிச்சப்பவே எடுத்திருந்தா இந்தப் பேச்சே இல்ல. லென்ஸ தேச்சிட்டு இருந்தாராம், மிஷின் சத்தத்துல கேக்கலயாம். நாலு வருஷம். நாலு வருஷமா எந்நேரமும் போன் கைக்கெட்ற எடத்துல இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டு..." நிறுத்திவிட்டார். பொட்டலத்திலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் வாயில் வைத்தார். கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

எண்ணைப் பார்த்தேன். சிவப்பில் எழுதியிருக்கும் அதே எண். ஓர் இலக்கமும் பிசகவில்லை.

"நம்பர் சரிதாங்க. போன்லயும் ஒண்ணும் இல்ல."

"அப்ப?"

"லைன்ல ஏதாவது இருந்திருக்கும்."

"கேட்டியா, லைன்ல."

"அன்னைக்கு மட்டும், உங்களுக்குன்னு பாத்து லைன் கெட்டுப்போச்சாக்கும்," என்றார் அவர் மனைவி.

ஒயர் வேலை முடிந்துவிட்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் அதையே திருகிக்கொண்டிருந்தேன். பிறகு வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

பொறியியல் கல்லூரியில் தொழில் அறம் பாடத்துக்கு மௌனத்தைப் பற்றி இருபது பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கினேன். அதில் ஒரு வரிகூட நினைவில்லை. நல்லது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பதிவைத் தாளில் எடுத்துக்கொண்டு நேராக லிஸ்ட் அக்காவிடம் போனேன். அப்புறம் சாரிடம் சொல்லாமல்.

அவள் படித்தாள். ஏழு வரிகளையும் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மறுநாளே."

"பதினெட்டு நாள்."

"ஆமா."

"பதினெட்டு நாளா அந்த மனுஷன் பொய் சொல்றார்னு நான் சொல்லிட்டுத் திரியறேன். டாக்டர்கிட்ட சொன்னேன். கேன்டீன்ல சொன்னேன். அவர் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்."



அவள் தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். "மூணு தடவதான் ரூல். நாலாவது அடிச்சிருக்கலாம். அடிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. தியேட்டருக்குச் சொல்லணும், லேபுக்குச் சொல்லணும்... அடிக்கல." பிறகு நிமிர்ந்து, "போ. நான் குழுகிட்ட பேசறேன். இப்ப இங்க நிக்காத," என்றாள்.

மார்ச் 12, புதன்

குறியை எடுத்துவிட்டார்கள். கோப்பில் இப்போது: பூஜ்யம்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அப்புறம் சார் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கும் ஒரு கடிதம் என்று கேள்வி.

மார்ச் 27, வியாழன்

நோயாளிக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று மேலிருந்து லிஸ்ட் அக்காவுக்கு உத்தரவு. வாய்மொழியாக. அவள் என்னை நடைவழியில் நிறுத்தினாள்.

"நான் சொல்லக் கூடாதாம்." இரண்டடி நடந்து திரும்பி, "நீ சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட யாரும் சொல்லல," என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

சொன்னேன்.

காலை பத்து மணி. லென்ஸ்காரருக்கு டயாலிசிஸ் ஒரு மணி நேரம் ஓடியிருந்தது, இன்னும் மூன்று மணி நேரம். மனைவி விடுப்பில் வந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அட்டைகள், டிரைவர்கள், யார் முந்துவது, பூட்டிய அறை. உள்ளே வரும் அழைப்பைச் சோதிக்காமல் விட்டது. துப்புரவு அக்கா வந்து சொன்னது. மறுநாளே தெரிந்தும் சொல்லாமல் இருந்தது. உங்கள் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டும் சொல்லாமல் போனது. எல்லாம்.

அவர் முதலில் கேட்டது: "ரெண்டும் ஒரே நேரத்துல ஓடிவருமா?"

"ஆமா."

"லென்ஸ்லயும் உண்டு. வலதையும் இடதையும் மாத்தி மாட்டிட்டா, ரெண்டும் நல்ல லென்ஸ்தான், ஒரு கீறல் இருக்காது. ஆனா போட்ட ஆள் படியில விழுவான்." குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் ஒரு தடவ பண்ணிருக்கேன்."

"விழுந்தாரா?"

"விழுந்தார். கை முறிஞ்சுது. அடுத்த மாசம் கட்டோட வந்து, புதுசா ஒரு பிரேம் போடச் சொன்னார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

மனைவி பையைத் திறந்தார், மூடினார். எழுந்து வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. தண்ணீர் இயந்திரத்தின் முன்னால் நின்றார், தண்ணீர் பிடிக்கவில்லை.

லென்ஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். "எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்மா."

புரியவில்லை எனக்கு.

"நான் திட்டு வாங்கிப் பழகினவன். பத்தோட பதினொண்ணா போயிடும். ஆறு வாரமா என்னத் திட்டித் திட்டித்தான் அவ நடமாடிட்டு இருந்தா. இனிமே யாரத் திட்டுவா? தன்னத்தான் திட்டிக்குவா. அது அவளுக்கு ஆகாது."

நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. இத்தனை நாள் என் மனசாட்சியை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு சுமையை இறக்கிவைக்கும்போது கீழே யார் கை இருக்கிறது என்று பார்க்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார். "அது யாருக்குப் போச்சு?"

"சொல்லக் கூடாதுங்க."

"நல்லா இருக்காங்களா? அதச் சொல்லலாம்ல?"

"இருக்காங்க."

"சரி," என்றார். அது எந்த மாதிரியான சரி என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

எச்சரிக்கைக் கடிதத்தை அம்மா பார்த்துவிட்டாள். "என்னடி இது?" ஒரு மெஷினைச் சரியாகச் சோதிக்கவில்லை என்றேன். "ஏன், என்ன அவசரம் உனக்கு? யாராவது பின்னால நின்னு விரட்டினாங்களா?"

இல்லம்மா, யாரும் விரட்டல. நான்தான்.

அன்று யார் போனில் இருந்தார்கள் என்பதை அவளிடம் சொல்லவே மாட்டேன். இது ஒன்றையாவது சரியாகச் செய்வேன்.

மே 15, வியாழன்

லென்ஸ்காரருக்குக் கையில் கிருமித்தொற்று, டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடத்தில். வார்டில் சேர்த்திருக்கிறார்கள். தொற்று தீரும்வரை பட்டியலில் அவர் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கும். அழைக்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் மாற்று அறுவை நடந்திருந்தால் இந்த ஊசியே இருந்திருக்காது என்று லிஸ்ட் அக்கா சொல்லவில்லை.  லிஃப்ட் வரும்வரை இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 9, திங்கள்

சிறுநீரகம் வந்தது. அவருடைய ரத்தப் பிரிவு. பொருத்தம் பார்த்ததில் அவர்தான் முதல்.

சாம்பல் நிறம். அடுத்தவரை அழைத்தார்கள். அந்தப் பெண் முதல் மணியிலேயே எடுத்தாராம், அழுதாராம். லைன் தெளிவாக இருந்ததாம். லிஸ்ட் அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல நின்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கணினிக்குப் புது மவுஸ் கொண்டுபோனேன். ஒரு மவுஸுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். தொற்று முற்றி லென்ஸ்காரரை அங்கே மாற்றியிருந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் வேறு யாரோபோல் இருந்தார். மனைவி ஈரத்துணியால் அவர் காதின் பின்புறம் துடைத்துக்கொண்டிருந்தார், கண்ணாடிக் காம்பு அழுந்தி அழுந்திப் பள்ளமாகியிருந்த இடத்தை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

ஜூலை 1, செவ்வாய்

லென்ஸ்காரர். நேற்று காலை ஆறு மணிக்கு. லிஸ்ட் அக்கா சொன்னாள்.

ஜூலை 2, புதன்

கெர்னலுக்குப் புதுப்பதிப்பு. பதினொரு மணிக்கு ரீபூட். இரண்டு டிரைவர்களும் வரிசையில் ஏறின. உள்ளே அழைத்துப் பார்த்தேன். வெளியே அழைத்துப் பார்த்தேன். மறுபடியும் உள்ளே.

பட்டியலில் அவருக்குக் கீழே இருந்த எல்லோரும் ஓர் இடம் மேலே.

ஜூலை 14, திங்கள்

பகல் பன்னிரண்டு இருக்கும். லிஸ்ட் அக்கா கூப்பிட்டாள். "லென்ஸ்காரர் வீட்டுல. உன்னைத்தான் கேக்கறாங்க. இந்த நம்பர் மட்டும்தான் இருக்காம் அவங்ககிட்ட. கொடுக்கறேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து நின்றுகொண்டேன்.

"அன்னைக்கு அவர் ஏழு வாட்டி அடிச்சார்னு சொன்னீங்கள்ல. எத்தன மணிக்குன்னு உங்ககிட்ட இருக்கா?"

"இருக்குங்க."

"ஒண்ணொண்ணா சொல்றீங்களா? எழுதிக்கறேன். அவர் போன்ல பாக்கலாம்னு எடுத்தேன், பழசெல்லாம் அதுவா அழிஞ்சுபோயிருக்கு."

"எதுக்குங்க?"

"அந்தந்த நேரத்துல நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு பாக்கணும்." சாதாரணமாகச் சொன்னார், கடைக்குப் போக வேண்டும் என்பதுபோல.

சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமா? அவர் இருந்திருந்தால் சொல்லாதே என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அம்மா கேட்டது என் கருத்தை அல்ல. பதிவைத் திறந்தேன்.

"மூணு நாப்பத்தாறு."

பேனா எழுதும் சத்தம். "ம்."

"மூணு நாப்பத்தெட்டு. அடுத்தது மூணு நாப்பத்தொம்பது."

"ஒரு நிமிஷத்துல திரும்ப அடிச்சிருக்கார்."

"ஆமாங்க. அப்புறம் மூணு அம்பத்திமூணு. மூணு அம்பத்தேழு."

"ம்."

"நாலு ரெண்டு."

பேனா நின்றது. "நாலு மணிக்கு எங்களுக்கு டீ விடுவாங்க. வாசல் வரைக்கும் போவோம். பெட்டி அங்கதான் இருக்கு. எடுத்துப் பாக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." மறுபடியும் பேனா எழுதும் சத்தம். "பக்கத்து மிஷின் பொண்ணு புதுசா கம்மல் வாங்கியிருந்தா. அதப் பாத்துட்டு இருந்தேன். சரி, சொல்லுங்க."

"நாலு ஒம்பது. அதுதான் கடைசி."

"அது எவ்வளவு நேரம் அடிச்சுது? அதெல்லாம் தெரியுமா?"

"தெரியும். ஒரு நிமிஷம், இருபது செகண்ட்."

"அவ்வளவு நேரமா?"

"ஆமாங்க."

"ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டாரும்மா அவரு. நான் செருப்ப மாட்றதுக்குள்ள பஸ் போச்சு, பஸ் போச்சும்பாரு."

எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.